முழுகாத நாள்கள்

கர்ப்பத்தைப் பதிவு செய்ய ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணிடம் கிராம சுகாதார செவிலியர் முதலில் கேட்பது இது: "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சே?" நகரத்தில் வளர்ந்த பெண்ணாக இருந்தால் முந்தாநாள் என்று சொல்லிவிடவும் கூடும். ஊர்ப்புறத்துப் பெண்ணுக்குக் கேள்வி நேராகப் போய்ச் சேரும். மாதவிலக்கு முடிந்து தலைமுழுகிய நாளைக் கேட்கிறார்கள். கருவுற்றவளைத் தமிழில் 'முழுகாம இருக்கா' என்பதும் இந்தக் கணக்கில்தான். அந்தச் சொல்லில் வயிறும் இல்லை, குழந்தையும் இல்லை. வழக்கமாக நடக்கும் குளியல் ஒன்று இந்த மாதம் நடக்கவில்லை என்ற தகவல் மட்டுமே இருக்கிறது.

பதிலில் ஒரு சிக்கல் உண்டு. தலைமுழுகும் நாள் சில வீடுகளில் மூன்றாம் நாள், சில வீடுகளில் ஐந்தாம் நாள். செவிலியரின் அட்டையில் எல்.எம்.பி. என்ற கட்டம் கேட்பது உதிரம் பட்ட முதல் நாளை. கேட்டவரும் சொன்னவரும் ஒன்றையே பேசியதாக நினைத்துக்கொள்ள, குழந்தையின் வயதில் நான்கு நாள் வரை காணாமல் போயிருக்கும். என் பாட்டி மாதக் காலண்டரில் பென்சிலால் சுழித்து வைத்தது முழுகிய நாளை. அம்மா யார் கண்ணுக்கும் படாதபடி ஓரமாகப் புள்ளி வைத்தது முதல் நாளை. என் காலத்தில் அது செல்போன் செயலிக்குள் போய்விட்டது. அது இளஞ்சிவப்பில் வட்டம் போட்டு, "உங்களுக்கு 3 நாள் தாமதம்" என்று அறிவிக்கிறது. யாரிடம் ஒப்புக்கொண்ட தேதிக்குத் தாமதம் என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

நாள் தள்ளிப்போவது பற்றிய குழப்பம் முழுவதும் அந்தத் தேதியில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். பள்ளிப் பாடத்திலிருந்து மருந்துக்கடைத் துண்டுப்பிரசுரம் வரை 28 நாள் சுழற்சி என்ற ஒன்று இருக்கிறது. 2019இல் ஸ்வீடனின் கருத்தடைச் செயலி ஒன்றில் பதிவான 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்தபோது சராசரி 29.3 நாள் என்று வந்தது. சரியாக 28 நாளில் முடிந்தவை 13 சதவீதம் மட்டும். 24 நாளிலிருந்து 38 நாள் வரை எதையும் இயல்பு என்றே மகப்பேறு மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு ஏற்கிறது. ஆக, 28ஆம் நாளுக்கு வராதவள் தாமதமானவள் என்றால், உலகத்துப் பெண்களில் பெரும்பான்மையோர் மாதாமாதம் அட்டவணையை மீறிக்கொண்டிருக்கிறார்கள்.

இதை முதலில் சரியான பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் இருவர். 1920களில் ஜப்பானின் கியூசாகு ஓகினோவும் ஆஸ்திரியாவின் ஹெர்மான் க்னாவுஸும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே முடிவுக்கு வந்தார்கள். கருமுட்டை வெளியேறும் நாளைப் போன மாதவிலக்கிலிருந்து முன்னோக்கி எண்ணக்கூடாது, அடுத்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்றார்கள். முட்டை வெளியேறிய பிறகான பின்பாதி ஏறக்குறைய 12 முதல் 16 நாளுக்குள் அடங்கிவிடுகிறது. முட்டை முதிர்ந்து வெளியேறும் வரையிலான முன்பாதிதான் இழுக்கும், சுருங்கும். காய்ச்சல், பரீட்சை, பட்டினி, இரவுப்பணி, திடீரென்று எடை குறைவது, வீட்டில் ஒரு சாவு என எது வந்தாலும் மூளையின் அடியிலிருந்து முட்டைப்பைக்குப் போகும் உத்தரவு தடுமாறுகிறது, முட்டை காத்திருக்கிறது. முட்டை பத்து நாள் பிந்தினால் மாதவிலக்கும் பத்து நாள் பிந்தும்.

இதனால், "நீ கவலைப்படுறதாலதான் தள்ளிப்போகுது" என்ற வீட்டுப் பேச்சில் பாதிதான் உண்மை. தள்ளிப்போடுவது முட்டை வெளியேறும் முன்பு பட்ட கவலை. நாள் கடந்த பிறகு விரலை மடக்கி எண்ணிக்கொண்டு படும் கவலை எதையும் புதிதாகத் தள்ளிப்போடுவதில்லை, தூக்கத்தைக் கெடுப்பதைத் தவிர. தாமதம் தெரியவரும்போது அதன் காரணம் நடந்து இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும்.

*

மருத்துவத்தின் கணக்கிலும் ஒரு விநோதம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் பேராசிரியராக இருந்த ஃபிரான்ஸ் நேகல பெயரில் வழங்கும் விதி இன்னும் எல்லா மருத்துவமனையிலும் ஓடுகிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 7 நாள் கூட்டி, மூன்று மாதம் பின்னே போய், ஆண்டை ஒன்று ஏற்றினால் பிரசவத் தேதி. மொத்தம் 280 நாள். அதை 28ஆல் வகுத்தால் பத்து வரும். 'பத்து மாதம் சுமந்து' என்பதை மிகைப்பேச்சு என்று கேலி செய்பவர்கள் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்கலாம்.

இந்த 280இல் முதல் இரண்டு வாரம் அவள் கருவுற்றிருக்கவே இல்லை. உதிரப்போக்கு நாள்களும் முட்டை முதிரும் நாள்களும் கர்ப்பக் கணக்கில் சேர்ந்துகொள்கின்றன. கருவுற்ற நாள் யாருக்கும் தெரியாது, உதிரம் பட்ட நாள் தெரியும் என்ற வசதிக்காக வைத்த ஏற்பாடு இது. வசதிக்கு வைத்த ஏற்பாடு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் கணவன் விடுப்பில் வந்துபோகும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்.

ஜூன் 1ஆம் தேதி மனைவிக்கு மாதவிலக்கு. ஜூன் 10ஆம் தேதி கணவன் திருச்சி விமான நிலையத்தில் இறங்குகிறான். ஜூன் 15ஐ ஒட்டிக் கருத்தரிக்கிறது. நாள் தள்ளிப்போய், ஜூலை 13 அன்று ஸ்கேன் எடுக்கிறார்கள். அறிக்கையில் '6 வாரம்' என்று அச்சாகி வருகிறது. கணவன் வந்து அன்றோடு 33 நாள், ஐந்து வாரம்கூட ஆகவில்லை. விரல் மடக்கி எண்ணத் தெரிந்த மாமியார் ஒருத்தி அந்த வீட்டில் இருந்தால் போதும். "கணக்கு இடிக்குதே" என்ற ஒரு சொல் எழும். உண்மையில் ஒன்றும் இடிக்கவில்லை. கரு உருவாகி 4 வாரம், அறிக்கை 6 வாரம், இடையிலான இரண்டு வாரம் எப்போதும் அங்கேயே இருக்கிறது. இதை ஒரு வரியில் அறிக்கையிலேயே தமிழில் அச்சிட்டால் சில வீடுகளில் நிம்மதி மிஞ்சும். இதுவரை அப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

எதிர்த் திசையிலும் இடிக்கும். 40 நாள் சுழற்சி உள்ளவளுக்கு முட்டை 26ஆம் நாளை ஒட்டி வெளியேறும். தேதிக் கணக்கு 8 வாரம் என்னும்போது ஸ்கேன் ஆறு வாரத்துச் சொச்சம் என்னும். "வளர்ச்சி கம்மியா இருக்காம்" என்று உடனே அழத் தொடங்கிவிடுவார்கள். குழந்தை தன் வயதுக்குச் சரியாகத்தான் வளர்ந்திருக்கும்.

*

சரி, நாள் தள்ளிப்போய்விட்டது. எப்போது தெரியும்?

இந்தக் கேள்விக்கு மிகப் பொறுமையாகப் பதில் தேடியவர்கள் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆலன் வில்காக்ஸும் அவரது குழுவினரும். 1980களில், குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த 221 பெண்கள் ஒவ்வொரு நாளும் காலைச் சிறுநீரைச் சேமித்துக் கொடுத்தார்கள். கருவுற்றதும் வெளிப்படும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் எந்த நாளில் முதலில் தலைகாட்டியது என்று அந்தக் குப்பிகளில் தேடினார்கள். முட்டை வெளியேறிய 6ஆம் நாளிலிருந்து 12ஆம் நாளுக்குள் கரு கருப்பைச் சுவரில் பதிந்தது. நிலைத்த கர்ப்பங்களில் 84 சதவீதம் 8, 9, 10ஆம் நாள்களில் பதிந்தன. பதிந்த பிறகுதான் எச்.சி.ஜி. இரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வரும். அதற்கு முன்னால் எந்தக் கருவிக்கும் எந்த நாடிக்கும் பிடிபட ஒன்றுமே இல்லை.

இதே தரவிலிருந்து 2001இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். மாதவிலக்கு வரவேண்டிய முதல் நாளில், கர்ப்பங்களில் 10 சதவீதம் இன்னும் பதியவே இல்லை. குற்றமே இல்லாத கருவி ஒன்று இருந்தாலும் அன்று பத்தில் ஒன்றைத் தவறவிடும். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் 97 சதவீதம் தெரிந்துவிடும். பெட்டியில் '99% துல்லியம்' என்று அச்சிட்டிருப்பது பொய்யில்லை, ஆனால் அது ஹார்மோன் இருக்கும் சிறுநீரில் அதைக் கண்டுபிடிக்கும் துல்லியம். இன்னும் சுரக்கத் தொடங்காத ஹார்மோனைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

மருந்துக்கடையில் ஐம்பது அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும், செய்தித்தாளில் சுற்றி, அதற்கு மேல் கறுப்பு கவரில் போட்டுத் தரும் அந்தக் கிட்டைப் பற்றி அறிய வேண்டியது இதுதான். இரண்டு கோடு வந்தால் பெரும்பாலும் உண்மை. ஒரு கோடு வந்தால் 'இன்று தெரியவில்லை' என்று பொருள். ஒரு வாரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். தொடக்க வாரங்களில் எச்.சி.ஜி. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பதால், இன்றைய மங்கல் கோடு நான்கு நாளில் அடர்ந்துவிடும். காலையில் முதல் சிறுநீரில் பார்க்கச் சொல்வது இரவு முழுதும் தேங்கி அடர்த்தி கூடியிருக்கும் என்பதால். நள்ளிரவில் பொறுக்க முடியாமல் இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுச் சோதிப்பவள் தன் விடையைத் தானே நீர்க்கச் செய்கிறாள். சொன்ன ஐந்து நிமிடம் கழித்துக் குப்பையிலிருந்து கிட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் தெரியும் சாம்பல் கோடு ஈரம் காய்ந்த தடம். அதை நம்ப முடியாது. ஆனாலும் அப்படி எடுத்துப் பார்க்காத பெண் யார் என்றும் எனக்குத் தெரியாது.

*

இந்தச் சிறு பெட்டி வருவதற்கு முன்னால் விலங்குகள் செத்தன. 1920களின் இறுதியில் பெர்லினில் செல்மார் ஆஷ்ஹைமும் பெர்ன்ஹார்ட் சொன்டெக்கும் பெண்ணின் சிறுநீரை முதிராத சுண்டெலிக் குட்டிகளுக்கு ஊசியில் ஏற்றி, சில நாள் கழித்து அறுத்து, முட்டைப்பை வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். 1931இல் அமெரிக்காவில் மாரிஸ் ஃப்ரீட்மன் அதை முயலுக்கு மாற்றினார். 'முயல் செத்துப்போச்சு' என்றால் கர்ப்பம் என்று அமெரிக்கர்கள் நெடுநாள் பேசிக்கொண்டார்கள். விடை எதுவானாலும் முயலை அறுத்தாக வேண்டும் என்பதால் முயல் எப்போதும் செத்தது. தென்னாப்பிரிக்கத் தவளையைக் கொண்டு லான்ஸ்லட் ஹாக்பென் வழியில் உருவான முறைதான் கொஞ்சம் கருணை கொண்டது. ஊசி போட்ட தவளை சில மணி நேரத்தில் முட்டையிட்டால் ஆம். தவளை பிழைத்து, அடுத்த பெண்ணுக்கும் பதில் சொல்லும்.

1960இல் ஸ்வீடனில் விலங்கே வேண்டாத சோதனை வந்தது. அப்போதும் முடிவு ஆய்வகத்திலிருந்து மருத்துவருக்குப் போய், மருத்துவரிடமிருந்து பெண்ணுக்கு வந்தது. 1967இல் நியூஜெர்சியில் ஆர்கனான் நிறுவனத்துக்கு அழகுசாதனப் பெட்டிகளை வடிவமைக்கப் போன 26 வயது மார்கரெட் கிரேன், அங்கே வரிசையாக நின்ற சோதனைக் குழாய்களைப் பார்த்து, இதை வீட்டிலேயே ஏன் செய்துகொள்ளக் கூடாது என்று கேட்டார். பிளாஸ்டிக் பெட்டி, குழாய், அடியில் ஒரு கண்ணாடி என்று மாதிரியும் செய்தார். நிறுவனத்தில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. மருத்துவர்களைப் பகைத்துக்கொள்வோம் என்றார்கள். காப்புரிமையில் அவர் பெயர் ஏறியது, அதற்கான ஒரு டாலர் அவர் கைக்கு வரவில்லை. 1970களில்தான் அப்படிப்பட்ட கிட் கனடாவிலும் பிறகு அமெரிக்காவிலும் கடைக்கு வந்தது. பெண் தன் உடம்பைப் பற்றிய செய்தியை மூன்றாம் ஆளிடமிருந்து கேட்கும் நிலை அதோடு மாறத் தொடங்கியது.

இந்த வரலாற்றில் இன்னொரு கிளை உண்டு. அதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் அது இன்னும் காயவில்லை. சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம், மாத்திரையே சொல்லிவிடும் என்று சொன்ன கிளை அது. பிரிட்டனில் 1958 முதல் 1978 வரை விற்ற ப்ரைமோடாஸ் அடுத்தடுத்த நாளில் விழுங்கும் இரண்டு மாத்திரை. அதில் நோரெதிஸ்டிரோன் வகை ஹார்மோனும் ஈஸ்ட்ரோஜனும் இருந்தன. கர்ப்பம் இல்லாவிட்டால் அந்த ஹார்மோன் நின்றவுடன் உதிரம் வரும். வராவிட்டால் கர்ப்பம். தர்க்கம் சுத்தமாகத்தான் இருந்தது. கர்ப்பமாக இருந்தவளின் வயிற்றுக்குள்ளும் அந்த ஹார்மோன் போனது என்பதுதான் விஷயம். 1967இலேயே இசபெல் கால் என்ற மருத்துவர், முதுகெலும்பு மூடாத குறையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மாரில் பலர் இத்தகைய மாத்திரையைச் சாப்பிட்டிருந்ததை 'நேச்சர்' இதழில் சுட்டிக்காட்டினார். மாத்திரையால்தான் குறை வந்ததா என்பது பிரிட்டனில் இன்னும் தீராத சர்ச்சை. 2017இல் அரசு நியமித்த நிபுணர் குழு, காரணத் தொடர்பை நிறுவச் சான்று போதாது என்றது. 2020இல் பாரனஸ் கம்பர்லெஜ் தலைமையிலான ஆய்வறிக்கை, 1967லேயே இதைச் சந்தையிலிருந்து எடுத்திருக்க வேண்டும் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: தீங்கு நிரூபணமாகாமல் இருக்கலாம், ஆனால் ஊசியில்லாத, ஹார்மோனில்லாத சிறுநீர்ச் சோதனை கைவசம் இருந்த ஆண்டுகளில் அந்த மாத்திரைக்கு ஒரு நியாயமும் இருக்கவில்லை.

இந்தியாவில் இதே இனம் இ.பி. ஃபோர்ட் போன்ற பெயர்களில் மருந்துக்கடைகளில் கிடைத்தது. இங்கே அதற்கு இரண்டு வேலை. கர்ப்பமா என்று பார்க்க வாங்கியவர்கள் உண்டு. தள்ளிப்போனதை 'வரவழைக்க' வாங்கியவர்கள் அதைவிட அதிகம். கலைந்துவிடும் என்ற நம்பிக்கையில் விழுங்கி, கலையாமல் போனால் பயத்தோடு சுமந்தார்கள். பெண்கள் அமைப்புகளும் மருந்து விழிப்புணர்வுக் குழுக்களும் பல ஆண்டுகள் போராடி, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு, 1988இல் அதிக அளவு ஈஸ்ட்ரோஜன் – புரோஜெஸ்டின் கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டன.

தடை வந்தது. கேட்கும் பழக்கம் போகவில்லை. இன்றும் மருந்துக்கடைக் கல்லாவில் குரலைத் தாழ்த்தி, "அண்ணா, நாள் தள்ளிப்போயிருக்கு, வர்றதுக்கு ஏதாவது மாத்திரை" என்பவர்கள் உண்டு. கடைக்காரரும் கிட் ஒன்றைக் கொடுத்து முதலில் இதைப் பாரும்மா என்று சொல்வதில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கும் தங்கை கல்யாணத்துக்கும் தள்ளிப்போட நோரெதிஸ்டிரோனை வாங்கி விழுங்குவது வீட்டுக்கு வீடு சாதாரணம். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வரும் என்பார்கள். வராத பெண்ணுக்கு, மாத்திரையால் வரவில்லையா, வேறு காரணமா என்ற சந்தேகம் அங்கிருந்து தொடங்கும். திருவிழாவுக்குத் தேதி பார்க்கும் முன்பு கிட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது என்று சொன்னால் அபசகுனம் பேசுவதாக முறைப்பார்கள்.

பப்பாளியும் எள்ளும் இதே வரிசையில் நிற்கின்றன. நாள் தள்ளிப்போனால் கருப்பட்டி சேர்த்த எள்ளுருண்டையும் பப்பாளியும் சாப்பிடு, வந்துவிடும் என்பார்கள். முழுகாமல் இருப்பவள் அவற்றைத் தொட்டால் கலைந்துவிடும் என்றும் அதே பாட்டிகள் சொல்வார்கள். 2002இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் பார்த்தபோது, பழுத்த பப்பாளியால் கர்ப்பத்துக்குப் பாதகம் தெரியவில்லை. காயிலிருந்து எடுத்த பால் கருப்பைத் தசையைச் சுருங்க வைத்தது. காயை விலக்குவதில் நியாயம் இருக்கிறது. நன்கு பழுத்த பழத்துண்டு ஒன்றைத் தின்றுவிட்டு இரவெல்லாம் விழித்திருப்பவளுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

கருத்தரிக்காமல் இருக்கச் சாப்பிடும் அவசர மாத்திரைக்கும் இங்கே ஒரு வரி தேவை. இந்தியாவில் அதற்கு மருந்துச் சீட்டு வேண்டியதில்லை. ஆனால் சென்னையில் பல கடைகளில் "அது வர்றதில்ல" என்ற பதில் நெடுங்காலமாகப் பழகிப்போனது. கிடைத்துச் சாப்பிட்டவளுக்கு இன்னொரு குழப்பம் காத்திருக்கும். அது முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போட்டு வேலை செய்வதால், மாதவிலக்கும் ஒரு வாரம் வரை தள்ளிப்போகலாம். பயத்தைத் தீர்க்கச் சாப்பிட்டதே பயத்தின் அறிகுறியைக் கொடுத்துவிடுகிறது.

*

உடம்பு சொல்லும் அடையாளங்கள் என்று ஒரு பட்டியல் எல்லாரிடமும் இருக்கிறது. பழைய தமிழ்ப் படத்தில் மருமகள் குழம்பு வாசத்துக்கு வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள், மயங்கி விழுவாள், மருத்துவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு 'கங்கிராட்ஸ்' சொல்வார். மசக்கை பெரும்பாலும் கடைசி மாதவிலக்கிலிருந்து ஐந்து ஆறு வாரத்தை ஒட்டித்தான் தொடங்கும். நாள் தள்ளிப்போன முதல் இரண்டு மூன்று நாளில் மார்பு கனப்பதும், அடிவயிறு இழுப்பதும், எரிச்சலும் மாதவிலக்குக்கு முன்னும் வரும், கர்ப்பத்திலும் வரும். இரண்டையும் நடத்துவது ஒரே புரோஜெஸ்டிரோன். உடம்பை எவ்வளவு உற்றுக் கேட்டாலும் அந்த நாள்களில் அது ஒரே சொல்லைத்தான் சொல்லும்.

'லேசாப் பட்டுச்சு' என்பது அடுத்தது. கரு பதியும்போது உதிரம் படும் என்று பலரும் எழுதுகிறார்கள். வில்காக்ஸ் குழுவின் தரவில் 151 பெண்களில் 14 பேருக்கு முதல் எட்டு வாரத்துக்குள் ஒரு நாளாவது உதிரம் பட்டது. அது பதிந்த நாளில் நிகழ்ந்தது அரிது. மாதவிலக்கு வரவேண்டிய நாளை ஒட்டித்தான் பெரும்பாலும் பட்டது. இதனால்தான் கர்ப்பமாகவே இருந்துகொண்டு 'வந்துடுச்சு, ஆனா கொஞ்சம்தான்' என்று அந்த மாதத்தைக் கணக்கு முடித்துவிடும் பெண்கள் இருக்கிறார்கள்.

இதில் அலட்சியமே கூடாத ஓர் இடம் உண்டு. நாள் தள்ளி, லேசாக உதிரம் பட்டு, அடிவயிற்றில் ஒரு பக்கம் குத்தி, தோள்பட்டை நுனி வலித்து, கண் இருட்டினால் வீட்டில் உட்கார்ந்து சோம்புக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. கர்ப்பங்களில் 100இல் ஒன்று இரண்டு, கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கிவிடுகின்றன. குழாய் வெடித்தால் உயிர் போகும். சீட்டில்லாமல் கடையில் வாங்கிய கருக்கலைப்பு மாத்திரை இந்தக் கர்ப்பத்தைக் கலைக்காது. ஆனால் கருப்பையிலிருந்து உதிரத்தை வரவைத்து, கலைந்துவிட்டது என்று நம்ப வைக்கும். அந்த நம்பிக்கையோடு வீட்டில் படுத்திருப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து.

*

முன்கூட்டியே தெரிவது எப்போதும் நல்லதுதானா? எனக்குச் சந்தேகம் உண்டு. வில்காக்ஸ் குழு 1988இல் வெளியிட்ட முடிவில், பதிந்த கருக்களில் 31 சதவீதம் நிலைக்கவில்லை. அதில் பெரும்பகுதி, அதாவது மொத்தத்தில் 22 சதவீதம், கர்ப்பம் என்று யாரும் அறியும் முன்பே போய்விட்டன. என் பாட்டி காலத்தில் இதற்குப் பெயர் 'நாலு நாள் தள்ளி வந்துச்சு'. கொஞ்சம் கூடுதலாக வலித்தது, வெந்நீர் வைத்துக் குளித்தாள், அவ்வளவுதான். இன்று மாதவிலக்கு நாளுக்கு இரண்டு நாள் முன்பே கிட்டைப் பார்த்து, இரண்டாம் கோட்டைக் கணவனுக்கும் அம்மாவுக்கும் புகைப்படம் எடுத்து அனுப்பிய பெண்ணுக்கு அதே நான்கு நாள் தாமதம் ஓர் இழப்பு. அவள் துக்கம் பொய் என்று சொல்லவில்லை. முன்பு பெயர் இல்லாமல் கடந்துபோன ஒன்றுக்கு ஐம்பது ரூபாய்ப் பொருள் ஒன்று பெயர் வைத்துவிட்டது.

சீக்கிரம் எடுத்த ஸ்கேனும் இப்படித்தான். ஐந்து வாரத்தில் பை தெரியும், அதற்குள் ஒன்றும் இருக்காது. ஆறு வாரத்தை ஒட்டித் துடிப்பு தெரியும். முட்டை பிந்தி வெளியேறியவளுக்கு இவை எல்லாமே பிந்தும். "பை மட்டும்தான் இருக்கு, பத்து நாள் கழிச்சு வாங்க" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வெளியே வந்து உடையாதவர்கள் குறைவு. அந்தப் பத்து நாள் மருத்துவரின் சோம்பலால் வருவதில்லை. 2013இல் அமெரிக்க ஸ்கேன் நிபுணர்கள், கரு 7 மில்லிமீட்டர் நீளம் வந்தும் துடிப்பு இல்லையென்றால், அல்லது பை 25 மில்லிமீட்டர் ஆகியும் கரு தெரியவில்லையென்றால் மட்டுமே ஒரே ஸ்கேனில் நிலைக்கவில்லை என்று உறுதி சொல்லலாம் என்று வரையறுத்தார்கள். அதற்கு முன்பு வழங்கிய அளவுகள் 5உம் 16உம். இரண்டு மில்லிமீட்டர், ஒன்பது மில்லிமீட்டர் என்ற அந்த இடைவெளியில் உயிரோடிருந்த கருக்கள் தவறாகக் கைவிடப்பட்டிருக்கலாம் என்ற அச்சம்தான் அளவை உயர்த்தியது. அளவு போதாத இடத்தில் மறுபடி வரச் சொல்வதுதான் நேர்மை.

கர்ப்பமே இல்லாத தாமதங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். பத்தில் ஒரு பெண்ணுக்காவது இருக்கும் பி.சி.ஓ.எஸ்., நம் ஊரில் 'நீர்க்கட்டி'. அது கட்டியல்ல, முதிராமல் பாதியில் நின்ற முட்டை உறைகள் வரிசையாகத் தெரிவது. இவளுக்கு 50 நாள், 70 நாள் தள்ளுவது வழக்கம் என்பதாலேயே, உண்மையில் கருவுற்றபோதும் 'எப்பவும் போலத்தான்' என்று மூன்று மாதம் போய்விடும். தைராய்டு, பால் சுரக்கும் ஹார்மோன் கூடுதல், அளவுக்கு மீறிய உடற்பயிற்சி என்று மற்ற காரணங்கள் இருக்கின்றன. மூன்று மாதம் வராவிட்டால் பார்த்தே ஆக வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவளின் கதை தனி. முதல் மாதவிலக்கு வரும் முன்பே முதல் முட்டை வெளியேறிவிடக்கூடும் என்பதால், பிரசவத்துக்குப் பின் ஒருமுறைகூட முழுகாமலேயே அடுத்ததற்கு முழுகாமல் ஆகிவிடலாம். 45 வயதுக்காரி மாதவிலக்கு நிற்கப்போகிறது என்று நிம்மதியாகி, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் நான்காம் மாதத்தில் ஸ்கேன் அறையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதும் நடக்கிறது. பன்னிரண்டு மாதம் முழுதாக வராமல் இருந்த பிறகே நின்றுவிட்டது என்று கொள்ள வேண்டும்.

*

இந்த நிச்சயமின்மைக்கு வெளியே அரசும் ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியின் முதல் தவணை, 12 வாரத்துக்குள் பதிவு செய்வதோடு இணைக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டபோது, 20 வாரம் வரை ஒரு மருத்துவர், குறிப்பிட்ட நிலைமைகளில் 24 வாரம் வரை இரு மருத்துவர் என்று ஆனது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், திருமணமாகாத பெண்ணை அந்த 24 வாரத்திலிருந்து விலக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் ஒருத்தி, "இன்னும் ஒரு வாரம் பாப்போம்" என்று நான்கு முறை தள்ளிப்போடுவது இந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். மாத்திரையால் கலைக்க அனுமதிக்கப்பட்ட 9 வாரம், அதாவது 63 நாள், கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணப்படுவது. நாள் தள்ளிப்போய் ஒரு மாதம் பயந்துகொண்டே இருந்தவளுக்கு மீதி ஒரு வாரம்தான்.

உடம்புக்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது, அது எல்லாவற்றையும் முந்திக்கொள்கிறது. குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் ஆகப்போகும் நரம்புக்குழாய் கருவுற்ற 28ஆம் நாளை ஒட்டி மூடிவிடும். மாதவிலக்குக் கணக்கில் ஆறு வாரம். அதாவது நாள் தள்ளிப்போய் 14 நாள். பதிவு செய்யப் போனதும் ஃபோலிக் அமில மாத்திரை தருகிறார்கள். பெரும்பாலோர் முதன்முதலாகப் போய் நிற்பதே அந்தக் குழாய் மூடிய பிறகு. குழந்தையை விரும்பும் பெண்களை முன்கூட்டியே தினம் 400 மைக்ரோகிராம் சாப்பிடச் சொல்வது இதனால்தான். "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று புதுமணப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கும் அத்தைமார் ஒரு பட்டை மாத்திரையோடு வந்து கேட்டால் அந்தக் கேள்விக்கும் ஒரு பயன் இருக்கும்.

பதிவேட்டில் எல்.எம்.பி. கட்டத்துக்கு நேரே 'தெரியவில்லை' என்று எழுதிய அட்டைகளும் உண்டு. பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், நீர்க்கட்டிக்காரி, காலண்டரே இல்லாத வீட்டுக்காரி எல்லாரும் அதில் அடக்கம். சில செவிலியர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட மனமில்லாமல், பொங்கலுக்கு முன்னா பின்னா என்று கேட்டு ஒரு தேதியைப் பென்சிலால் போட்டு வைப்பார்கள். 11 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள் ஸ்கேன் எடுக்கும்போது குழந்தையின் உச்சியிலிருந்து புட்டம் வரை அளக்கிறார்கள். அந்த அளவு கர்ப்பத்தின் வயதை ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடும், அம்மாவின் நினைவைவிட, செயலியின் வட்டத்தைவிட நெருக்கமாக. அறிக்கை கைக்கு வந்ததும் செவிலியர் பென்சில் தேதியை அழிரப்பரால் தேய்த்துவிட்டு, அதே கட்டத்தில் பேனாவால் புதுத் தேதியை எழுதுகிறார். அந்த நாளில் தான் எங்கே இருந்தோம், என்ன செய்துகொண்டிருந்தோம் என்று பெண் யோசித்துப் பார்க்கிறாள். ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை.